சங்கக் காரியாலயத்தில் காகிதம் எங்கே?

(உடுமலைப்பேட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு பீரோவைப் பற்றி. சங்கக் காரியாலயத்து மூலையில் நிற்கிறதே, கதவைத் திறந்ததும் காகிதக் கட்டு காலில் விழுகிறதே, அந்தப் பீரோவைப் பற்றித்தான். சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே ஒரு கணக்கையும் கேளுங்கள்.

ஒரு பஞ்சாலைத் தொழிலாளி 28 ஆண்டுகள் வேலை செய்கிறார். அதற்குள் ஆலை ஒரு முறை கைமாறுகிறது. பெயர்ப் பலகையும் மாறுகிறது. ஆள் அதே ஆள், மிஷின் அதே மிஷின். பிறகு ஒருநாள் ஆலையை மூடிவிடுகிறார்கள். பணிக்கொடை கேட்டுப் போய் நிற்கிறார். "எங்கள் கணக்குப்படி நீ சேர்ந்து 11 வருஷம்தான் ஆகிறது" என்கிறது நிர்வாகம். சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளால் வகுத்து 15 நாளால் பெருக்கினால் வருஷத்துக்கு 7,500 ரூபாய். 28 ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். 11 ஆண்டுக்கு 82,500 ரூபாய். வித்தியாசம் 1,27,500 ரூபாய்.

ஆலை கைமாறியபோது, பழைய சர்வீஸ் தொடரும் என்று லேபர் ஆபீசரின் முன்னிலையில் 12(3) ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்ட தலைவர் காலமாகிவிட்டார். பிரதி சங்கத்தில் இருக்கிறது. இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. அதைத் தேடி எடுக்கும்வரை அந்த 1,27,500 ரூபாய் முதலாளியின் கையில்தான் இருக்கும். நான் சொன்னது உதாரணக் கணக்குத்தான். ஆனால் இதில் தன் ஊரை அடையாளம் காணாத ஆலைத் தொழிலாளி யாராவது இங்கே இருந்தால் கையைத் தூக்கட்டும்.

ஒரு கையும் காணோம்.

விவசாயத் தொழிலாளர் தோழர்கள் இது ஆலைக்காரர் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். காகிதம் யார் கையில் இருக்கிறது என்ற பிரச்னையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? உங்கள் அப்பாருவைக் கேளுங்கள், கர்ணம் என்றால் யார் என்று சொல்வார். கிராமக் கணக்கு அந்தக் குடும்பத்தின் சொத்து போல இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். எந்தக் காடு யாருடையது, எந்தத் தோட்டத்தில் யார் உழுகிறான், எது புறம்போக்கு என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் போய் நின்றால்தான் தெரியும். 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியவன் குத்தகைதாரன். ஏறாதவன், தலைமுறையாக அந்த மண்ணை உழுதிருந்தாலும், சாட்சி தேடி அலைய வேண்டியவன். நிலம் இருக்கும் இடத்தில் மட்டும் அதிகாரம் இருக்கவில்லை. நிலத்தைப் பற்றிய எழுத்து இருக்கும் இடத்திலும் இருந்தது.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். சர்க்கார் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அந்தப் பகுதி நேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1982இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. கணக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் போயிற்று. அவரும் மாறுதலாகிப் போவார். அடுத்தவர் வந்தாலும் அதே கணக்கைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

கிராமத்தில் கர்ணம் போய்விட்டார். நம் சங்கத்தில் போய்விட்டாரா?

கோபித்துக்கொள்ள வேண்டாம். பல சங்கங்களில் நம் காரியதரிசியே கர்ணம். நல்ல மனிதர், சிறைக்குப் போனவர், சொந்தக் காசைச் செலவழித்தவர். ஆனால் எந்தக் காகிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பெண் தொழிலாளி ஷிப்ட் முடிந்து ஐந்து மைல் பஸ்ஸில் வந்து பி.எஃப். காகிதம் கேட்டால், காரியாலயத்தில் இருக்கும் தோழர் என்ன சொல்கிறார்? "அம்மிணி, செக்ரட்டரி வெளியூர் போயிருக்காரு, நாளைக்கு வா." நாளைக்கு வர அவளுக்கு லீவு ஏது? காரியதரிசிக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தால் ஸ்தாபனத்துக்கே ஞாபகம் தப்பிப் போகிறது. இதை ஜனநாயகப் பிரச்னை என்றுதான் நான் பார்க்கிறேன். கமிட்டித் தேர்தலை ஒழுங்காக நடத்திவிட்டு, தகவலை ஒருவர் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றவர்கள் எதைக்கொண்டு முடிவு செய்வார்கள்?

இதற்கு வழி என்ன? நல்ல பீரோவா? கம்ப்யூட்டரா? இரண்டும் பிறகு. முதலில் ஒழுங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். அது நமக்குத் தெரியாத வித்தையல்ல.

ஸ்பின்னிங்கில் நிற்கும் தோழர்கள் சொல்லுங்கள்: 40ஆம் நம்பர் நூலும் 60ஆம் நம்பர் நூலும் கலந்துவிட்டால் என்ன நடக்கும்? அத்தனை துணியும் பாழ். அதனால்தான் பாபினுக்கு ஒரு நிறம், கோன் அட்டைக்கு ஒரு நிறம். எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் எடுத்துப் பார்த்ததும் கவுண்ட்டைச் சொல்லிவிடுவார். முதலாளியின் நூல் கலந்துவிடக் கூடாது என்பதற்கு இத்தனை ஏற்பாடு. நம் வாழ்க்கைக்கான காகிதம் மட்டும் தீபாவளி நோட்டீசோடு கலந்து கிடக்கிறது!

கிராமக் கணக்கையே மறுபடி பாருங்கள். கர்ணத்தின் ஏகபோகம் ஒழிய வேண்டியதுதான்; ஆனால் அந்தக் கணக்குகளின் அமைப்பில் கற்க வேண்டியது இருக்கிறது. நிலம் ஒன்றுதான். சர்வே நம்பர் தெரிந்தவனுக்கு அ-பதிவேடு. பட்டாதாரர் பெயர் தெரிந்தவனுக்குச் சிட்டா; பத்து ஒன்று என்பீர்களே, அது. எந்தப் பசலியில் என்ன விளைந்தது என்று கேட்பவனுக்கு அடங்கல், அதாவது இரண்டாம் நம்பர் கணக்கு. எல்லைத் தகராறு என்று வருபவனுக்குப் புலப்படம். ஒரே நிலத்துக்கு நாலு வாசல். எந்த வாசலில் நுழைந்தாலும் அதே நிலத்துக்குப் போய்ச் சேரலாம்.

நம் பி.ஏ.பி. வாய்க்கால் அப்படியல்ல. திருமூர்த்தி அணையிலிருந்து பிரதான வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், பிறகு பகிர்மான வாய்க்கால், கடைசியில் மடை. ஒரு வயலுக்குத் தண்ணீர் வர ஒரே பாதை. அநேகம் பேர் பைல்களையும் இந்த வாய்க்கால் மாதிரிதான் அமைக்கிறார்கள்: பெரிய தலைப்பு, அதற்குள் சின்னத் தலைப்பு, அதற்குள் இன்னொன்று. தண்ணீருக்கு அது சரி. காகிதத்துக்குப் போதாது. கார்டிங் பிரிவில் கை நசுங்கிய ஒரு தொழிலாளியின் விபத்து மனு இருக்கிறது. அதை ‘விபத்து’ என்ற பைலில் வைப்பதா, ‘ஈ.எஸ்.ஐ.’ என்ற பைலில் வைப்பதா, அந்த ஆலையின் பைலிலா, அவருடைய சொந்தப் பைலிலா? எதில் வைத்தாலும், மற்ற மூன்று இடத்தில் தேடுபவன் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவான்.

இந்தச் சிக்கலை உலகத்துக்கே அவிழ்த்துக் காட்டியவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கோவை அரசினர் கல்லூரியிலும் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் கம்யூனிஸ்ட் அல்ல, நல்ல பக்திமான். அதனால் அவரிடம் கற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. 1924இல் சென்னை சர்வகலாசாலை நூலகத்துக்குப் பொறுப்பேற்றார். படிப்பதற்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட சில இரும்புப் பட்டைகள், கொஞ்சம் மறை, கொஞ்சம் ஆணி. இவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகிறது, பாரம் தூக்கியும் ஆகிறது. அறிவையும் இப்படிப் பிரித்து வைத்து, தேவைப்பட்டபடி பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் அச்சான கோலன் பகுப்பு முறை.

எந்த விஷயத்தையும் ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்பது அவர் வளர்த்தெடுத்த கொள்கை. முதன்மையான ஆள் அல்லது பொருள் எது, அது எதனால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். இதை நம் காரியாலயத்துக்கு இறக்கினால் ஐந்து கேள்வியாகிறது: யார், எதைப் பற்றி, என்ன நடந்தது, எங்கே, எப்போது. அந்த விபத்து மனுவை இந்த ஐந்திலும் வைத்துப் பாருங்கள். யார்? இன்ன பெயருள்ள தொழிலாளி. எதைப் பற்றி? கார்டிங் மிஷின். என்ன நடந்தது? விபத்து, இழப்பீடு. எங்கே? இன்ன ஆலை. எப்போது? இன்ன தேதி. தேடி வருபவருக்கு ஐந்தில் ஏதாவது இரண்டு நினைவிருந்தால் போதும்; காகிதம் கிடைத்துவிட வேண்டும்.

1931இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. சாதாரணமாகத் தோன்றுகிறது. அவர் காலத்தில் புத்தகத்தைக் காப்பாற்றுவதே நூலகத்தின் வேலை என்று நினைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இன்னொரு விதி. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவரின் நேரத்தைப் பற்றி நாம் பேச வேண்டியதே இல்லை. கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், கிராமம் கிராமமாகப் போகும் மாட்டுவண்டி நூலகத்தையும் அவர்தான் தொடங்கி வைத்தார். நாம் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அதற்கு அடிப்படையான 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது.

இன்னொருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்க்ஸ் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்து வாசகசாலையில் உட்கார்ந்து 1850 முதல் 1853 வரை எழுதி நிரப்பிய குறிப்பு நோட்டுகள் மட்டும் 24. பிறகு 1857-58இல் பொருளாதாரத்தைப் பற்றி ஏழு நோட்டுகள் நிறைய எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது என்று அவரே எங்கெல்சுக்குக் கடிதம் எழுதுகிறார். என்ன செய்தார் தெரியுமா? 1858 ஜூனில், மேற்கொண்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் ஏழு நோட்டுக்கும் தானே ஓர் அட்டவணை தயாரித்தார். எந்த விஷயம் எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் என்று. தன் கையெழுத்தில் இருப்பதைத் தானே கண்டுபிடிக்க மார்க்சுக்கே அட்டவணை தேவைப்பட்டது. ‘மூலதனம்’ நூலில் வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்த தோழர்களுக்குத் தெரியும், அதில் இங்கிலாந்து ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகள் எப்படி அடுக்கடுக்காக வந்து சாட்சி சொல்கின்றன என்று. சர்க்கார் அச்சடித்துக் கவனிப்பாரற்றுக் கிடந்த காகிதம், ஒழுங்குபடுத்திய கையில் ஆயுதமாயிற்று.

சரி, நம் பீரோவுக்கு வருவோம்.

ஒரு நீள ரிஜிஸ்தர் வாங்குங்கள். காரியாலயத்துக்கு வரும் ஒவ்வொரு காகிதமும் அதில் ஏற வேண்டும். வரிசை எண், காகிதத்தின் தேதி, யாரிடமிருந்து வந்தது, என்ன காகிதம் என்று ஒரு வரி. அந்த எண்ணைக் காகிதத்தின் மேல் மூலையிலும் பென்சிலால் எழுதுங்கள். காகிதங்களை எண் வரிசையிலேயே அட்டைப் பெட்டிகளில் அடுக்குங்கள். ஒன்று முதல் நூறு வரை முதல் பெட்டி. தலைப்பு வாரியாகப் பிரிக்கவே வேண்டாம். காகிதம் உட்காருவது எண்படி. ஒரு காகிதம் வெளியே போனால் அந்த இடத்தில் ஒரு சீட்டு: யார் எடுத்தார், என்றைக்கு. ஒரு முறை கொடுத்த எண்ணை மறுபடி வேறு காகிதத்துக்குக் கொடுக்கக் கூடாது.

தேடுவதற்குக் கார்டுகள். தபால் கார்டு அளவு அட்டை போதும். மூன்று பெட்டி கார்டுகள் வையுங்கள்: ஆள் பெயர்ப்படி ஒன்று, விஷயப்படி ஒன்று, ஆலை அல்லது கிராமத்தின்படி ஒன்று. ஒவ்வொரு கார்டிலும் காகிதங்களின் எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். விபத்து மனுவின் எண் 347 என்றால், 347 என்ற எண் அந்தத் தொழிலாளி கார்டிலும், ‘விபத்து’ கார்டிலும், ‘ஈ.எஸ்.ஐ.’ கார்டிலும், ஆலையின் கார்டிலும் ஏறும். காகிதம் ஒன்று, வாசல் நாலு. கிராமக் கணக்கின் வித்தைதான் இது.

இனிமேல்தான் கஷ்டமான இடம். வார்த்தை.

பழைய தோழர் ‘பஞ்சப்படி’ என்பார். சர்க்கார் காகிதம் ‘அகவிலைப்படி’ என்னும். புதிதாக வந்த பையன் ‘டி.ஏ.’ என்பான். மூன்றும் ஒன்றுதான். மூன்று பேர் மூன்று கார்டு போட்டால் காகிதம் மூன்று இடத்தில் சிதறிவிடும். ஆகவே கமிட்டி உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்ய வேண்டும். எந்தச் சொல் என்பது எனக்கு முக்கியமில்லை. உங்கள் ஊரில் அதிகம் பேர் வாயில் வருவது எதுவோ அது. மற்ற இரண்டுக்கும் கார்டு உண்டு, அதில் ஒரே வரி: ‘பஞ்சப்படி பார்க்க’. கிராஜுவிட்டி, பணிக்கொடை, குத்தகை, வாரம், வேலை நீக்கம், டிஸ்மிஸ் என்று இப்படி எத்தனையோ வரும். (வாரமும் குத்தகையும் ஒன்றா என்று ஒரு தோழர் அங்கே முணுமுணுக்கிறார். நியாயம். ஒன்றில்லை. அதையும் முடிவு செய்து எழுதி வையுங்கள்.) இந்தச் சொற்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். வர்க்க உணர்வு வேறு, அகர வரிசை வேறு. இரண்டாவதற்கும் பொறுமையாக உட்கார்ந்து பழக வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் இதே தொல்லை. உடுமலை, உடுமலைப்பேட்டை, உடுமல்பேட் என்று மூன்று விதமாகக் காகிதம் வருகிறது. அதுமட்டுமா? 2009இல் திருப்பூர் மாவட்டம் உண்டாகும்வரை நாம் கோயம்புத்தூர் மாவட்டம். அதற்கு முந்திய மனு, உத்தரவு, ஜில்லாத் தலைநகருக்குப் போய்வந்த கடிதமெல்லாம் கோயம்புத்தூர் பெயரில் இருக்கும். மடத்துக்குளம் தோழர்களின் பழைய காகிதத்தில் உடுமலை வட்டம் என்றிருக்கும். இன்று அது தனி வட்டம். பட்டா எண்ணும் அப்படித்தான். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். வேலையில் புதிய பட்டா எண்கள் வந்தன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கார்டில் எழுதாவிட்டால், பாட்டன் காலத்துக் காகிதத்துக்கும் பேரன் கையில் இருப்பதற்கும் உறவே தெரியாது.

மனிதர் பெயர் இன்னும் சிக்கல். ஒரே ஆலையில் எத்தனை பழனிச்சாமி, எத்தனை தங்கவேல்! தகப்பன் பெயரும் டோக்கன் நம்பரும் இல்லாமல் கார்டு எழுத வேண்டாம். பெண் தொழிலாளிகளுக்கு வரும் கஷ்டம் தனி. வேலைக்குச் சேரும்போது இனிஷியல் அப்பாவுடையது. கல்யாணத்துக்குப் பிறகு புருஷனுடையது. பி.எஃப். கணக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு. இந்த ஓர் எழுத்துக்காக எத்தனை விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கே தெரியும். அவர்கள் கார்டில் இரண்டு பெயரும் இருக்கட்டும். 12 இலக்க யு.ஏ.என். வந்தது 2014இல், அதற்கு முன்பு ஆலைக்கு ஆலை வேறு வேறு பி.எஃப். நம்பர். மூன்று ஆலை மாறியவருக்கு மூன்று நம்பரும் கார்டில் வேண்டும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு நிற்கும் தோழர்களின் பெயரை நம் காதில் விழுந்தபடி எழுதிவிடாமல், அவர்கள் காட்டும் அட்டையில் உள்ளபடி எழுதுங்கள்.

காகிதமே இல்லாதவர்களும் உண்டு. திருமணத் திட்டம், சுமங்கலித் திட்டம் என்று பெயர் சொல்லித் தென் மாவட்டங்களிலிருந்து அழைத்து வந்து, மில் விடுதியில் மூன்று வருஷம் அடைத்து வேலை வாங்கினார்களே, அந்தப் பெண்களில் எத்தனை பேர் கையில் வேலை நியமன உத்தரவு இருந்தது? பண்ணையத்தில் கூலிக்குப் போகிறவருக்கு எந்த முதலாளி சீட்டுக் கொடுக்கிறார்? அப்படிப்பட்டவர் காரியாலயத்துக்கு வந்தால், அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, தேதி போட்டு, இரண்டு சாட்சியோடு ரிஜிஸ்தரில் எண் கொடுங்கள். பத்து வருஷம் கழித்துச் சொல்லும் சொல்லைவிட, அன்றைக்கு எழுதிய எழுத்துக்கு மதிப்பு உண்டு.

‘இதர’ என்று ஒரு கார்டு போட ஆசை வரும். போடாதீர்கள். ஆறு மாதத்தில் எல்லாமே ‘இதர’ ஆகிவிடும்.

பழைய காகிதத்தை என்ன செய்வது? 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் போய்விட்டன. அந்தத் தொகுப்புகளைப் பற்றி நம் அபிப்பிராயத்தை வேறு கூட்டங்களில் போதுமான அளவு சொல்லியிருக்கிறோம். இன்றைக்கு வேண்டியது இவ்வளவுதான்: பழைய சட்டம் போயிற்று என்று பழைய ஒப்பந்தங்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். 1994இல் ஏற்பட்ட உரிமை 1994இன் காகிதத்தில்தான் இருக்கிறது. பணிக்கொடைக்கு வருஷத்துக்கு 15 நாள் என்ற கணக்கு புதியதிலும் உண்டு, ஆனால் ‘சம்பளம்’ என்பதன் அர்த்தம் மாறியிருக்கிறது. ஆகவே கார்டில் ‘பணிக்கொடை – 21.11.2025க்கு முன்’, ‘பணிக்கொடை – பின்’ என்று இரண்டாகப் பிரியுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கொடுத்த அட்டைகளையும் அப்படியே பத்திரமாக வையுங்கள். அதில் பதிந்த நாட்களும் பதியாமல் விட்ட நாட்களும் நம் சரித்திரம்.

காகிதத்தில் வராத விஷயம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் முடிவு இருக்கும். அந்த முடிவு ஏன் வந்தது என்பது இருக்காது. நாம் கேட்டது எவ்வளவு, நிர்வாகம் முதலில் சொன்னது எவ்வளவு, எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தோம், ஏன், எந்த வாக்குறுதியை வாயால் மட்டும் சொன்னார்கள், இதெல்லாம் பேச்சுவார்த்தைக்குப் போன நாலு பேரின் தலையில் இருக்கிறது. அன்று ராத்திரியே ஒரு பக்கம் எழுதுங்கள். பல வருஷம் கழித்து மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும் வக்கீல் பழைய பைலோடு வருவார். நம் பக்கம் புதிய கமிட்டி வெறுங்கையோடு போய் உட்கார வேண்டுமா?

எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்க வேண்டுமா என்றால், இல்லை. சட்டம், ஒப்பந்தம், நோட்டீஸ், தீர்ப்பு, கூலிக் கணக்கு, இவை திறந்த அலமாரி. அங்கத்தினர் பட்டியல், ஆதார் நகல், வைத்தியக் காகிதம், ஒரு பெண் சூபர்வைசர் மேல் கொடுத்த புகார், இவை பூட்டிய அலமாரி. இரண்டு சாவி, இரண்டு தோழர்களிடம். அங்கத்தினர் பட்டியல் நிர்வாகத்தின் கைக்குப் போனால் மறுநாள் கேட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டிய அலமாரியில் என்ன வகைக் காகிதங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கலாம்.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைப்பது ஆபத்து. 1981இல், மே கடைசி இரவில் தொடங்கி ஜூன் முதல் தேதிக்குள், யாழ்ப்பாணம் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புத்தகங்கள் எரிந்தன. மறுபடி வாங்கக்கூடிய புத்தகங்களை வாங்கினார்கள், கட்டடத்தையும் கட்டினார்கள். வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடியை எங்கே போய் வாங்குவது? நம் காரியாலயத்துக்கு அவ்வளவு பெரிய எதிரி வேண்டாம், கரையான் போதும். முக்கியமான காகிதங்களுக்கு இன்னொரு பிரதி, இன்னொரு ஊரில், இன்னொரு தோழர் வீட்டில் இருக்கட்டும்.

இளைஞர்கள் கேட்கிறார்கள்: "எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறோமே, தோழர்?" படம் எடுப்பது நல்லது, செய்யுங்கள். குரூப்பில் போட்டால், காலை வணக்கத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே ஒப்பந்தம் எங்கே என்று மூன்று மாதம் கழித்து யார் கண்டுபிடிப்பது? போன் தொலைந்தால் படமும் தொலைந்தது. எடுத்த படத்துக்கு வருஷம், மாதம், தேதி, அந்த வரிசையில் பெயர் வையுங்கள், பிறகு ரிஜிஸ்தர் எண். வருஷத்தை முன்னால் எழுதினால் கம்ப்யூட்டர் தானே காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். சங்கத்துக்குச் சொந்தமான ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனியே ஒரு டிரைவில் ஒரு பிரதி. ரிஜிஸ்தரும் கார்டும் சரியாக இருந்தால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பத்து நாள் வேலை. அவை இல்லாமல் கம்ப்யூட்டர் வாங்கினால், பீரோவில் இருந்த குப்பை பெட்டிக்குள் போகும், அவ்வளவுதான்.

வீட்டில் என்ன செய்வது என்று ஒரு தாய்மார் கேட்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும் அம்மா. முதல் பக்கத்தில் அட்டவணை. ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம்: எந்தக் காகிதம், என்ன நம்பர், அசல் எங்கே இருக்கிறது. அசல்கள் ஒரே பையில். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

எங்கே தொடங்குவது? பீரோவை முழுக்கக் காலி செய்து கூடத்தில் கொட்டிவிடாதீர்கள். அப்படிக் கொட்டினால் இரண்டாம் நாளே அலுத்து, திரும்ப உள்ளே தள்ளிவிடுவோம். நாளைக்கு வரும் முதல் காகிதத்துக்கு எண் 1 கொடுங்கள். பழைய கட்டுகளிலிருந்து வாரம் ஒன்றை எடுத்துப் பிரியுங்கள். முதலில் 12(3) ஒப்பந்தங்கள், அடுத்து தீர்ப்புகள், பிறகு மற்றவை. இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் கார்டிங்கிலிருந்து, ஒருவர் விவசாயத் தொழிலாளரிலிருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் மாற வேண்டும், இருவரும் ஒரே சமயத்தில் மாறக் கூடாது. காரியதரிசி அந்த இருவரில் ஒருவராக இருக்க வேண்டாம். மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பரீட்சை வையுங்கள்: நேற்றுச் சேர்ந்த அங்கத்தினரிடம் ஒரு காகிதத்தின் பெயரைச் சொல்லி, யாரையும் கேட்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். டீ ஆறுவதற்குள் அவர் கையில் காகிதம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் குற்றம் அவருடையதல்ல. எந்தக் கார்டு விட்டுப்போயிற்று என்று பார்த்து அங்கேயே எழுதிச் சேருங்கள்.

ரிஜிஸ்தர் ஒன்றை நான் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். மேடைக்குப் பக்கத்தில் மேஜைமேல் இருக்கிறது. கோடு போட்டாகிவிட்டது. பழைய ஒப்பந்தப் பிரதி வீட்டில் வைத்திருக்கும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரியாலயத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை உங்களிடமே திருப்பித் தருவோம். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே வரிசையில் வரலாம்.